"கிடைத்தது, பார்த்தேன்": ரசிகர் குழுக்களில் ஒப்புகைப் பதில் எப்படி வேலை செய்கிறது

இணைய ரசிகர் குழுக்களில் திரும்பத் திரும்பக் கிளம்பும் சண்டை ஒன்று உண்டு. "அரை நாள் தேடி லிங்க் எடுத்துக் கொடுத்தேன், ஒரு நன்றிகூட வரவில்லை" என்பார் ஒருவர். "ஒவ்வொரு மெசேஜுக்குக் கீழேயும் ஐம்பது பேர் நன்றி போட்டால் குழுவை எப்படிப் படிப்பது?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே இதை மரியாதை விவகாரமாக மட்டும் பார்க்கிறார்கள். அதனால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் நன்றி கெட்டவர். அவர் கண்ணுக்கு இவர் பாராட்டுக்கு அலைபவர். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

மரியாதை இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு வேலை நடக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்த இடத்தில் பதில் போட வேண்டும், எங்கே ஒரு குறி போதும், எங்கே சும்மா இருப்பதே நல்லது என்பது தானாகவே பிடிபடும். இந்தக் கட்டுரையில் ஒப்புகைப் பதில் என்று சொல்வது இதைத்தான்: நீங்கள் அனுப்பியது என்னிடம் வந்து சேர்ந்தது, அதை நான் இப்படி எடுத்துக்கொண்டேன் என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் பதில். நன்றி அதன் வடிவங்களில் ஒன்று. "ஆமாம், இதுதான்", "பார்க்கிறேன்", "இல்லை, இது வேறு" என்பவையும் ஒப்புகைதான்.

கதை கேட்பவர் உம் கொட்டுவது எதற்கு?

நேரில் கதை சொல்லும்போது எதிரே இருப்பவர் "உம்... உம்..." என்று கொட்டிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லையென்றால் சொல்பவர் நிறுத்திவிட்டு, "கேக்குறியா?" என்பார். அந்த உம்மில் நன்றி இல்லை, பாராட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்ற தகவல்தான் இருக்கிறது. பேச்சை ஆராய்பவர்கள் இதைப் பின்வழிக் குறிப்பு என்பார்கள். அதாவது, பேசும் வாய்ப்பைத் தன் பக்கம் இழுக்காமலேயே கேட்பவர் தரும் சின்னச் சைகை. மொழியியலாளர் விக்டர் இங்வே 1970-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

உம் கொட்டாவிட்டால் என்ன குறைந்துவிடும்? நிறையவே குறையும். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் தான் நூலிழையில் தப்பித்த சம்பவத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு, சொல்பவருக்குத் தெரியாமல் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணிக்கொண்டே இருப்பது. கேட்பவரின் கவனம் எண்ணுவதில் போனதும், சொல்பவரின் கதையே கெட்டது. அதிலும் முடிவுக்கு வரும் இடத்தில் அதிகமாகத் தடுமாறினார்கள்.

இந்த ஆய்வில் ரசிகர் குழுக்களுக்கு நேராகப் பயன்படும் விஷயம் வேறொன்று. கேட்பவரின் எதிர்வினையை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். எந்தக் கதைக்கும் பொருந்தும் "ம்", தலையாட்டல் போன்றவை பொது எதிர்வினை. கதையின் அந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும் "அய்யோ!", முகச்சுளிப்பு, மூச்சை இழுத்துப் பிடிப்பது போன்றவை குறிப்பான எதிர்வினை. கவனம் சிதறிய கேட்பவர்களிடம் குறிப்பான எதிர்வினைதான் பெருமளவு அடிபட்டுப் போனது. பொதுவாகத் தலையாட்ட அரைக் கவனம் போதும். அந்த இடத்துக்கு ஏற்றபடி அதிர்ச்சி அடைய முழுக் கவனம் வேண்டும். ஆகவே குறிப்பான எதிர்வினை வந்தால், கவனித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

திரையில் எழுதுபவருக்கு உம் கேட்காது. யார் படித்தார்கள், பாதியில் யார் போனார்கள், எந்த வரியில் புருவம் உயர்ந்தது என்று எதுவும் தெரியாது. ஹெர்பர்ட் கிளார்க்கும் சூசன் பிரென்னனும் 1991-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்குகிறார்கள். பேசுகிற இருவரும் "இதை நாம் இருவருமே ஒரே மாதிரி புரிந்துகொண்டோம்" என்று உறுதிப்படுத்திக்கொண்டே போகிறார்கள். இதற்குப் பொதுப்புரிதல் என்று பெயர். முகமோ குரலோ இல்லாத ஊடகத்தில் அந்த உறுதிப்படுத்தலுக்கு அதிக முயற்சி தேவைப்படுகிறது. நேரில் தன்னால் வெளிப்படுவதைத் திரையில் எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: ஒப்புகை என்பது முதலில் தகவல். அனுப்பியவருக்குத் தெரியாத ஒன்றை அது தெரிவிக்கிறது. குறிப்பாக இருந்தால் அதன் மதிப்பு கூடுகிறது.

கேள்வி, விடை, மூன்றாவது வரி

ஒரு கேள்வி வந்தால் விடை வர வேண்டும். ஒரு வணக்கம் வந்தால் பதில் வணக்கம் வர வேண்டும். இப்படி ஒன்று வந்ததும் இன்னொன்றை எதிர்பார்க்க வைக்கும் ஜோடிக்கு அடுத்தடுத்த இணை என்று பெயர். இமானுவேல் ஷெக்லாஃபும் ஹார்வி சாக்ஸும் உரையாடல் எப்படி முடிகிறது என்று 1973-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. கேள்வியும் விடையும் வந்தபின் பெரும்பாலும் ஒரு குட்டி மூன்றாவது வரி வரும்: "ஓ, சரி", "அப்படியா, நன்றி". அதற்கு இணையை மூடும் வரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரசிகர் குழுக்களில் காணாமல் போவது பெரும்பாலும் இதுதான்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு தொடரின் ரசிகர் குழுவில் ஒருவர் கேட்கிறார்: "நாயகி கடிதத்தை எரிக்கிற காட்சி எந்த எபிசோட்?" பத்து நிமிடத்தில் விடை வருகிறது: "இரண்டாவது சீசன், ஏழாவது எபிசோட், 31-வது நிமிடம்." கேட்டவர் போய்ப் பார்க்கிறார், அதுதான். ரசித்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். குழுவில் என்ன நடக்கிறது? அடுத்து வந்தவர், "ஒன்பதாவது எபிசோடிலும் ஒரு கடிதம் எரியுமே" என்கிறார். மூன்றாமவர் முதல் விடையைப் பார்க்காமல் அதையே மறுபடி எழுதுகிறார். நான்காமவர் இருவரையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க இரண்டு எபிசோடையும் ஓட்டிப் பார்க்கிறார். எட்டு மாதம் கழித்து அதே கேள்வியோடு வருபவர் தேடலில் இந்தப் பேச்சைக் கண்டுபிடிக்கிறார். இரண்டு விடை இருக்கிறது, எது சரி என்று யாரும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் புதிதாகக் கேட்கிறார்.

கேட்டவர், "ஏழாவதுதான், 31:40-இல் இருக்கிறது, நன்றி" என்று ஒரு வரி போட்டிருந்தால் இத்தனையும் இல்லை. அந்த வரி விடை சொன்னவருக்குப் பதில் சொல்கிறது, உதவ வருபவர்களைத் தடுக்கிறது, பிற்பாடு தேடி வருபவருக்கு வழி காட்டுகிறது. அதில் "நன்றி" என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் மூன்று வேலையும் நடக்கும். வெறும் "நன்றி" மட்டும் போட்டால் மூன்றில் ஒன்றரைதான் நடக்கும். விடை சரியா என்று யாருக்கும் தெரியாதே! மரியாதைக்காகப் போடும் பதிலில்கூட எது சரியாக இருந்தது என்று எழுதிவிட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

விடை சரியில்லை என்றாலும் மூடும் வரி வேண்டும். "பார்த்தேன், அது வேறு கடிதம், நான் கேட்பது மழைக் காட்சி" என்றால், உதவ வந்தவரின் முயற்சி வீணாகாமல் தேடல் அடுத்த படிக்குப் போகிறது. தவறான விடை தந்தவரை வருத்தப்படுத்த வேண்டாம் என்று மௌனமாக இருப்பவர்கள் உண்டு. அந்த மௌனத்தால் தவறான விடைதான் அங்கே நிலைத்து நிற்கிறது.

பழைய ரசிகர்கள் கண்டுபிடித்த வழிகள்

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் அறிவியல் புனைவு ரசிகர்கள் 1930-களிலேயே தங்களுக்குள் ரசிகர் இதழ்களை அச்சடித்துப் பரிமாறிக்கொண்டார்கள். டொனால்ட் வோல்ஹைம் 1937-இல் ஒரு அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்தைத் தொடங்கினார். இத்தகைய சங்கங்களில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் இதழின் பிரதிகளை ஒருவருக்கு அனுப்புவார்; அவர் எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்து அனைவருக்கும் அனுப்புவார். அடுத்த தவணை இதழில், முந்தைய கட்டில் வந்த மற்றவர்களின் இதழ்களைப் பற்றி வரிசையாகக் கருத்து எழுதுவது வழக்கம். மாதக்கணக்கில் தாமதமாகிற உரையாடல் அது.

எல்லா இதழுக்கும் கருத்துத் தோன்றாதே, அப்போது என்ன செய்வது? "படித்தேன், ரசித்தேன், சொல்ல ஒன்றுமில்லை" என்ற பொருள்படும் ஒரு சுருக்கெழுத்தை உருவாக்கிக்கொண்டார்கள்: ஆர்ஏஇபிஎன்சி. இன்றைய லைக் பட்டன் செய்கிற வேலையை ஆறு ஆங்கில எழுத்தில் செய்தார்கள். கருத்துக்குப் பஞ்சம் என்பதற்காக எழுதியவரை இருட்டில் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. நாலு வரி பொய்ப் பாராட்டு எழுதிப் பக்கத்தை நிரப்பவும் கூடாது என்ற நேர்மையும் இருக்கிறது. ஒப்புகை பற்றி ரசிகர்கள் கண்டுபிடித்ததிலேயே சிறந்தது இதுதான் என்று தோன்றுகிறது.

கடிதப் பகுதி வைத்த ரசிகர் இதழ்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: வந்த கடிதம் எல்லாவற்றையும் அச்சிட இடம் போதாது. அதற்கு வாஃப் என்ற சுருக்கப் பெயரில் ஒரு பத்தி வைத்தார்கள். "இவர்களிடமிருந்தும் கடிதம் வந்தது" என்று பெயர்களை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். கடிதம் அச்சாகாவிட்டாலும் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். ஒருவர் பெயரும் விடுபடாது. நூற்றுக்கணக்கான பின்னூட்டம் வரும் இன்றைய படைப்பாளிக்கும் இது அப்படியே பொருந்தும்.

மின்னஞ்சல் பரவிய பிறகு, 1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம் இணைய நடத்தைக்கான வழிகாட்டியாக வெளிவந்தது. அதில் இரண்டு அறிவுரைகள் உண்டு. முக்கியமான மின்னஞ்சல் வந்தால், விரிவான பதிலைப் பிறகு எழுதுவதாக இருந்தாலும், கிடைத்தது என்று உடனே ஒரு வரி எழுதுங்கள் என்கிறது ஒன்று. பலர் படிக்கும் பொதுக்குழுவில் பதிலுக்குப் பதில் என்று வெறுமனே எழுதுவதைத் தவிருங்கள் என்கிறது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் முரண் மாதிரி இருக்கும். முரண் இல்லை. முதலாவதைப் படிப்பவர் ஒருவர், இரண்டாவதைப் படிப்பவர் நூறு பேர்.

ஒரு பதிலுக்கு எத்தனை பேர் விலை கொடுக்கிறார்கள்?

தனி உரையாடலில் "சரி" என்று அனுப்பினால் ஒருவர் ஃபோன் ஒரு முறை ஒலிக்கும். 500 பேர் உள்ள குழுவில் அதே "சரி"யை எல்லோரும் தாண்டிப் போக ஆளுக்கு மூன்று நொடி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,500 நொடி, அதாவது 25 நிமிடம். அதே மாதிரி இருபது "சரி" வந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல். குழுவில் பதில் என்பது அனுப்பியவருக்குக் கிடைக்கும் தகவல் ஒருபுறம், மற்றவர்களின் கவனத்திலிருந்து கழிவது ஒருபுறம். "நன்றி போடாதீர்கள்" என்று சொல்பவரின் எரிச்சலுக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். அவரை மரியாதை தெரியாதவர் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

எதிர்வினைக் குறிகள் வந்தது இந்த இடைவெளியை அடைக்கத்தான். மெசேஜின் ஓரத்தில் இதயமோ கட்டைவிரலோ ஒட்டிக்கொள்ளும். புது வரி எடுக்காது, மற்றவர்களைக் கூப்பிடாது. ஃபேஸ்புக்கின் லைக் பட்டன் 2009-இல் வந்தது. வாட்ஸ்அப்பில் மெசேஜுக்குக் குறி ஒட்டும் வசதி 2022-இல் வந்தது. இவை பொது எதிர்வினை வகை, அதாவது திரையில் கொட்டும் உம். சேர்ந்தது, பார்த்தேன் என்பதற்கு இவை போதும். எது சரி, எது தவறு, அடுத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை இவற்றால் சொல்ல முடியாது.

இயந்திரம் தரும் டிக் குறிகளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் அனுப்பியாயிற்று, இரண்டு டிக் என்றால் எதிரில் உள்ள ஃபோனுக்குச் சேர்ந்தது, நீல டிக் என்றால் திறந்து பார்த்தாயிற்று. குழுவிலோ உறுப்பினர் அத்தனை பேரும் பார்த்தால்தான் டிக் நீலமாகும். ஆகவே பெரிய குழுவில் நீல டிக் வராததை வைத்து "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று வருந்துவதற்கு இடமே இல்லை. நீல டிக் வந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை என்பதும் அவமதிப்பு ஆகாது. திறந்ததை இயந்திரம் சொல்கிறது. எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை மனிதர்தான் சொல்ல முடியும்.

நடைமுறையில் இப்படித் தேர்ந்தெடுக்கலாம். குழுவுக்கே பொதுவாக வந்த செய்தி என்றால் குறி போதும், அதுவும் கட்டாயமில்லை. உங்கள் கேள்விக்கு வந்த விடை என்றால் ஒரு வரி எழுதுங்கள், குறி மட்டும் போதாது. உங்களுக்காகவே ஒருவர் நேரம் செலவழித்து ஒன்றைச் செய்து கொடுத்தால் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, மீதி நன்றியைத் தனி மெசேஜில் விரிவாகச் சொல்லுங்கள். மூன்று பேர் உதவினால் மூன்று தனித்தனிப் பதில் வேண்டாம்; மூவர் பெயரையும் ஒரே பதிலில் சேர்த்து, யார் சொன்னது எதற்குப் பயன்பட்டது என்று எழுதினால் ஒரே அறிவிப்பில் முடியும்.

ஒரு சின்ன வசதியைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்கார்ட் என்ற குழு அரட்டைச் செயலியில் ஒருவரின் மெசேஜுக்கு நேராகப் பதில் போட்டால் அவருக்குத் தானாக அறிவிப்பு போகும். எழுதும் பெட்டியின் மேல் ஓரத்தில் அதை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. இரவு நேரத்தில் சும்மா ஒரு சிரிப்புப் பதில் போடும்போது அதை அணைத்துவிட்டால் யாரையும் எழுப்பியதாகாது.

இதுவரை பார்த்தது: இணையை மூடுவதற்கு ஒரு வரி, பார்த்தேன் என்பதற்கு ஒரு குறி, உள்ளன்பைச் சொல்லத் தனி மெசேஜ். எத்தனை பேர் கவனம் செலவாகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறுகிறது.

"சரி" என்றால் எந்தச் சரி?

சேர்ந்து வேலை செய்யும் ரசிகர் குழுக்களில், உதாரணத்துக்கு வசன வரிகளை மொழிபெயர்த்துச் சேர்ப்பவர்கள், தகவல் களஞ்சியம் தொகுப்பவர்கள், பழைய பாடல் பதிவுகளைப் பட்டியலிடுபவர்கள் மத்தியில், ஒப்புகை தெளிவில்லாமல் போனால் வேலையே கெடும். ஒருவர் பிழை சொல்கிறார்: "212-வது வரி அரை நொடி முன்னாலேயே வந்துவிடுகிறது." பொறுப்பாளர் கட்டைவிரல் போடுகிறார். அதற்கு என்ன பொருள்? பார்த்தேன் என்றா, நான் திருத்துகிறேன் என்றா, திருத்தியாயிற்று என்றா? பிழை சொன்னவர் மூன்றாவது என்று எடுத்துக்கொள்கிறார், பொறுப்பாளர் நினைத்தது முதலாவது. இரண்டு வாரம் கழித்துக் கோப்பு அதே பிழையோடு வெளியாகிறது. "சொன்னேனே, நீங்களும் சரி என்றீர்களே!"

தீர்வு மிக எளிது. மூன்று நிலைக்கும் மூன்று வெவ்வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "பார்த்தேன்", "எடுத்துக்கொண்டேன்", "முடிந்தது". குறிகளைத்தான் பயன்படுத்துவோம் என்றால் கண், கை, டிக் என்று மூன்று குறிக்கு மூன்று பொருள் என முடிவு செய்து, அதைக் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்லும்போது எப்போதைக்குள் என்பதையும் சேர்த்தால் நல்லது: "எடுத்துக்கொண்டேன், ஞாயிறுக்குள் பார்க்கிறேன்." முடியாது என்றால் அதுவும் ஒப்புகைதான்: "பார்த்தேன், இந்தப் பதிப்பில் திருத்த முடியாது, அடுத்ததில் சேர்க்கிறேன்." பிழை சொல்பவர்களை இப்படி மதித்து நடத்தும் குழுவுக்குத்தான் அடுத்த பிழையும் வந்து சேரும். இரண்டு முறை பதிலே வராவிட்டால் மூன்றாவது முறை யாரும் மெனக்கெடுவதில்லை.

எழுதியவருக்கும் வரைந்தவருக்கும்

ரசிகர் புனைவும், அதாவது பிடித்த தொடரையோ நூலையோ வைத்து ரசிகர்களே எழுதும் கதைகளும், ஓவியமும் பகிரப்படும் இடங்களில் நிலைமை வேறு. இங்கே மூட வேண்டிய கேள்வி ஒன்றும் இல்லை. கதையை ஒருவர் முன்வைத்திருக்கிறார். கூலி இல்லை, விற்பனை இல்லை. வாசகரின் எதிர்வினை ஒன்றுதான் திரும்பி வருவது. பழைய ரசிகர் இதழ்க்காரர்கள் தங்கள் பெயரை அச்சில் பார்ப்பதால் வரும் மகிழ்ச்சிக்கு ஈகோபூ என்றே தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அதை எதிர்பார்ப்பதில் அவர்கள் வெட்கப்படவும் இல்லை.

ரசிகர் படைப்புகளுக்கான பெரிய தளமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓனில் கூடோஸ் என்றொரு பாராட்டுப் பொத்தான் உண்டு. ஒருவர் ஒரு படைப்புக்கு ஒரு முறைதான் அதை அழுத்தலாம், அத்தியாயத்துக்கு ஒன்று என்று இல்லை. இருபது அத்தியாயக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே அழுத்திவிட்டவருக்கு மீதி பத்தொன்பதிலும் காட்ட ஒன்றுமில்லை. எழுதுபவர் பார்வையில் அந்த வாசகர் முதல் அத்தியாயத்தோடு காணாமல் போனவர். அதனால்தான் பல வாசகர்கள் பின்னூட்டத்தில் ஒரே ஓர் இதயக் குறியை மட்டும் போட்டு, "இன்னொரு கூடோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பல எழுத்தாளர்கள் அதை மனமார வரவேற்கிறார்கள்.

பின்னூட்டம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி: கதையிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துப் போடுங்கள், அதற்குக் கீழே அது உங்களை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். "'அவள் குடையை மடக்கவே இல்லை' என்ற வரியில் நிறுத்திவிட்டேன், அவன் திரும்பி வரமாட்டான் என்று அங்கேதான் புரிந்தது." இவ்வளவுதான், விமர்சனத் திறமை வேண்டாம். இது குறிப்பான எதிர்வினை. "அருமை, தொடருங்கள்" என்பதைவிடப் பல மடங்கு தகவல் இதில் இருக்கிறது. தான் வைத்த சூசகம் வாசகரைச் சேர்ந்தது என்று எழுதியவருக்குத் தெரிகிறது. "அடுத்தது எப்போது?" என்று மட்டும் எழுதுவது பாசத்தில் வந்தாலும் படிப்பவருக்குக் கடன் கேட்பதாகவே ஒலிக்கும். அதற்கு முன்னால் வந்ததைப் பற்றி ஒரு வரி இருந்தால் அந்த ஒலி மாறிவிடும். பிழை சுட்டுவதற்கு முன் எழுதியவரின் குறிப்பைப் பாருங்கள். திருத்தம் கேட்டிருந்தால் தாராளமாகச் சொல்லலாம், கேட்காத இடத்தில் சொல்லாமல் இருப்பதே பல ரசிகர் புனைவுக் குழுக்களின் வழக்கம்.

எழுதியவர் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பதில் தர வேண்டுமா? இதில் ரசிகர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது, காரணமும் உண்டு. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓனில் எழுதியவர் போடும் பதில்களும் பின்னூட்ட எண்ணிக்கையில் சேரும். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டப் பதில் போடுகிறார் என்று சிலர் குறைப்படுவார்கள். பதில் போடாமல் விட்டால் திமிர் என்பார்கள் வேறு சிலர். வாசகர் நேரம் செலவழித்துக் குறிப்பாக எழுதியிருந்தால் பதில் போடுவதே சரி. எண்ணிக்கைக்குப் பயந்து மௌனம் காப்பதில் யாருக்கும் லாபமில்லை. நேரம் போதாவிட்டால் பழைய வாஃப் முறை இருக்கவே இருக்கிறது: அடுத்த அத்தியாயத்தின் முன்குறிப்பில் பெயர்களை வரிசையாகப் போட்டு நன்றி சொல்லிவிடலாம். பிரபலமான சிலருக்கு மட்டும் பதில் போட்டு மற்றவர்களை விட்டுவிடுவதுதான் எல்லா வழியிலும் மோசமானது. விடுபட்டவர்கள் அதைக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள். யூடியூபில் படைப்பாளி பின்னூட்டத்துக்கு இதயம் போடும் வசதி 2016 முதல் இருக்கிறது; அங்கும் இதே கதைதான்.

எல்லா வாசகரும் பதில் விரும்புவதில்லை என்பதையும் எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பதில் வந்தால் அதற்கு மறுபதில் போட வேண்டுமோ என்ற பதற்றம் வந்துவிடும். சில எழுத்தாளர்கள் தங்கள் குறிப்பில், "பதில் வேண்டாம் என்றால் பின்னூட்டத்தின் கடைசியில் 'விஸ்பர்' என்று எழுதுங்கள், படித்து மகிழ்ந்து அமைதியாக இருந்துகொள்கிறேன்" என்று போட்டிருப்பார்கள். பதில் போட வேண்டும் என்ற கட்டாயத்தை வாசகரே கையோடு நீக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது.

திருத்தத்துக்கும் ஸ்பாய்லருக்கும்

உங்கள் தகவல் தவறு என்று ஒருவர் சுட்டினால் வரிசை முக்கியம். முதலில் பழைய பதிவைத் திருத்துங்கள். தவறான வரியை அழித்துவிடாமல், "திருத்தம்: ஆண்டு தவறாக இருந்தது" என்று கீழே சேருங்கள். பிறகு சுட்டியவருக்கு ஒரு வரி: "சரிதான், மாற்றிவிட்டேன்." பதிவையே நீக்கிவிட்டால் சுட்டியவரின் வரி அந்தரத்தில் தொங்கும், பின்னால் படிப்பவர்களுக்கு அவர் காரணமில்லாமல் சண்டைக்கு வந்தவர் மாதிரி தெரியும்.

கதையின் முடிச்சை அவிழ்த்துவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் பதில் எழுதுவதில் ஒரு நொடிகூடச் செலவழிக்க வேண்டாம், முதலில் மறையுங்கள். டிஸ்கார்டில் வரியின் இரு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் அது மறைந்துவிடும். அதன் பிறகு "மறைத்துவிட்டேன், மன்னிக்கவும்" என்றால் போதும். எபிசோட் வந்து இத்தனை நாளாயிற்றே என்ற வாதத்தைக் குழுவின் விதி பற்றிய பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். மன்னிப்புக்குள் அதைச் சேர்த்தால் மன்னிப்பு கரைந்துபோகும்.

பதில் எழுதும்போது எதிரில் இருப்பவரை அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயரிலேயே கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா, தம்பி என்று வயதையும் பாலினத்தையும் ஊகிப்பது அன்பில் வந்தாலும் பல நேரம் தவறிப்போகும். "நீங்கள்" எப்போதும் பாதுகாப்பானது.

பதில் போடாமல் இருக்க வேண்டிய இடங்கள்

வம்புக்கு எழுதியதற்கு ஒப்புகை தரக் கூடாது. காரணம் இப்போது தெளிவாகவே தெரியும்: ஒப்புகை என்பது "உன்னுடையது வந்து சேர்ந்தது, கவனித்தேன்" என்ற தகவல், வம்பு செய்பவருக்கு வேண்டியதும் அதுவேதான். மாடரேட்டருக்குப் புகார் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். மாடரேட்டர்கள் மட்டும் புகார் கொடுத்தவருக்கு, "கிடைத்தது, பார்க்கிறோம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். எடுத்த நடவடிக்கையை விவரிக்கத் தேவையில்லை. கிடைத்தது என்ற ஒரு வரிகூட இல்லாவிட்டால் மக்கள் புகாரைக் குழுவில் பகிரங்கமாக எழுத ஆரம்பிப்பார்கள்.

மூடிய இணையை மறுபடி திறக்க வேண்டாம். "நன்றி", "பரவாயில்லை", "இல்லை, உண்மையிலேயே நன்றி", "அய்யோ, இதெல்லாம் ஒரு உதவியா" என்று இருவர் மாறி மாறிப் போவதைக் குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நன்றிக்கு வரும் பதில் ஒரு குறியாக இருக்கட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தாமதமான பதில் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத கூச்சம் இருக்கிறது. வேகமாக ஓடும் குழு அரட்டையில் ஒரு வாரம் கழித்து "ஆமாம்" என்றால் எதற்கு என்று யாருக்கும் புரியாது. பழைய மெசேஜை மேற்கோளாக எடுத்துப் பதில் போட்டால் புரியும், அல்லது தனி மெசேஜில் சொல்லிவிடலாம். படைப்புகளுக்கு இந்தக் காலக்கெடுவே கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் எழுதி முடித்த கதைக்கு இன்று பின்னூட்டம் போட்டாலும் எழுதியவருக்கு அது இன்றைய அஞ்சல்தான். தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். பிடித்த வரியை எடுத்துப் போட்டு நேராக ஆரம்பியுங்கள்.